சரக்கடிச்ச மறுநாள் சுகர் குறையுதே, நல்லதுதானே டாக்டர்?

கேள்வி: வயசு 46, சுகர் வந்து 7 வருஷம். மெட்ஃபார்மினும் க்ளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சனிக்கிழமைனா ஒரு குவார்ட்டர் பிராந்தி, அன்னைக்கு சோறு தொடமாட்டேன். எப்பவும் 140 காட்டுற மெஷின் ஞாயித்துக்கிழமை காலைல 75 காட்டுது. அப்போ பிராந்தி நல்லதுதானே?

பதில்: அந்த 75-ஐ பாத்து நீங்க சந்தோஷப்படுறீங்க, எனக்கு வயித்தக் கலக்குது. நாம தூங்கும்போது சுகர் ரொம்ப இறங்காம லிவர்தான் கொஞ்சம் கொஞ்சமா சுகரை ரத்தத்துல விட்டுட்டே இருக்கும், ஆனா சரக்கு உள்ள போச்சுன்னா முதல்ல அதை வெளியேத்துற வேலைய பாக்கும், சுகர் தயாரிக்கிறது படுத்துரும். லிவரோட வேகம் மணிக்கு சுமாரா 30 மில்லி பிராந்திதான். குவார்ட்டர்னா 180 மில்லி, நீங்களே கணக்கு போட்டுக்கங்க, விடிய விடிய அதே வேலை. இன்னொரு பக்கம் க்ளிமிபிரைடு இன்சுலினை சுரக்க வச்சுட்டே இருக்கு, வயித்துல சோறும் இல்ல. காலைல 75னா ராத்திரி 3 மணிக்கு எவ்ளோ இருந்துச்சோ, யார் பாத்தா? இன்சுலின் போடுறவங்களுக்கும் இதே ஆபத்துதான், மறுநாள் பூரா கூட நீடிக்கலாம்.

இதுல பெரிய சிக்கல், லோ சுகரும் போதையும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். வேர்த்து பனியன் நனையும், கை நடுங்கும், நாக்கு குழறும், வீட்டுல "குடிச்சிட்டு உளர்றாரு, தூங்கட்டும்"னு விட்டுருவாங்க. அப்படி ஒருத்தரை தெளிய வைக்க மோரை ஊத்தி ஊத்தி பாத்துட்டு கடைசியா எங்கிட்ட தூக்கிட்டு வந்தாங்க, சுகர் 38.

நிறுத்திட்டா ரொம்ப நல்லது. முடியலைன்னா குவார்ட்டரை மறந்துருங்க, எப்பவாச்சும் 60 மில்லி, அதோட சரி. சோறோ சப்பாத்தியோ சாப்பிட்டுட்டுதான் தொடணும், சிக்கன் 65 சாப்பாட்டுக்கு ஈடாகாது (அதுல மாவுச்சத்து கம்மி). கோலா மிக்ஸிங் வேணாம், 250 மில்லில அஞ்சு ஸ்பூன் சர்க்கரை இருக்கு, முதல்ல ஏத்திவிட்டு அப்புறம் விடியக்காலைல இறங்கும், சோடாவோ தண்ணியோ போதும். மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, ராத்திரி டோஸை என்ன பண்றதுன்னு உங்க டாக்டர்கிட்ட வெக்கப்படாம முன்னாடியே கேளுங்க. நிறைய குடிச்சா மெட்ஃபார்மினாலயும் ரத்தத்துல லாக்டிக் ஆசிட் ஏறுற ஆபத்து உண்டு. லிவர், கணைய பிரச்சனை, ட்ரைகிளிசரைடு (ரத்தத்துல இருக்கிற ஒரு வகை கொழுப்பு) ரொம்ப அதிகம், கால் எரிச்சல், இதுல ஒண்ணு இருந்தாலும் அந்த 60-ம் கிடையாது.

படுக்கும் முன்னாடி ஒருதடவை செக் பண்ணுங்க. 100-க்கு கீழன்னா ரெண்டு இட்லியாவது சாப்பிட்டு படுங்க. 70-க்கு கீழ போனா மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி குடிச்சிட்டு 15 நிமிஷத்துல திரும்ப பாக்கணும். இதை வீட்டம்மாகிட்டயும் சொல்லி வைங்க, நினைவு இல்லைன்னா மட்டும் வாயில எதுவும் ஊத்தாம 108-க்கு அடிக்க சொல்லுங்க. வர்ற சனிக்கிழமை ராத்திரி 3 மணிக்கு அலாரம் வச்சு ஒரு தடவை குத்திப் பாருங்க, அந்த நம்பரோட வாங்க பேசலாம்.