பழம், காய்கறி உலர்த்த டீஹைட்ரேட்டர் வாங்கலாமா, வெயிலே போதாதா?

இந்தக் கேள்வியைப் படித்தவுடன் எனக்குச் சிறிது கோபம் வந்தது. கேட்டவர்மீது அன்று, "வெயிலு சும்மாத்தானே கெடக்கு, அதுக்குப் போயி எதுக்குக் கரண்டு?" என்று நான்கு ஆண்டுகளாக என்னைக் கேட்டுவரும் என் மதினியின்மீது. நீங்கள் ஒரு நகரத்து அடுக்குமாடியில் குடியிருப்பவர் என்றும், மொட்டைமாடியின் சாவி வேறு யாரிடமோ இருக்கிறது என்றும், இணையத்தில் இந்தக் கருவியின் விலையைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறீர்கள் என்றும் ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். ஊகம் தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செங்கோட்டையில் இருக்கிறேன். எங்களுக்கு மேற்கே புளியரையைத் தாண்டினால் கேரளம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து, ஆனி தொடங்கி ஆவணி வரை எங்கள் ஊரின்மேல் சாரலாகச் சொரிந்துகொண்டே இருக்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு அது சீசன். வத்தல் போடுகிறவர்களுக்கு அதைவிடக் கெட்ட காலம் இல்லை. துவைத்த துணியே மூன்று நாள் கொடியில் தொங்கும் வீட்டில் பலாச்சுளையை எங்கே காயவைப்பது? பலாவோ சாரலுக்குச் சற்று முன்புதான் மலிந்து வரும். மழை விழுந்துவிட்டால் சுளையில் நீர் ஏறிச் சுவை குன்றிவிடும். ஆகவே வைகாசிக் கடைசியில் சுளை கெட்டியாக இருக்கும் வருக்கைப் பலாவாக இரண்டு வாங்கி, உடனே உலர்த்தி எடுத்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் ஐந்து தட்டுகள் கொண்ட, 400 வாட் கருவி ஒன்றை வாங்கினேன். பலாதான் தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம். கேரளமும் 2018-இல் அவ்வாறே அறிவித்தது. இரு மாநிலத்தின் எல்லையில் இருந்துகொண்டு அதை அழுகவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் ஆண்டு நான் செய்தது அத்தனையும் தவறு. கருவியோடு வந்த கையேட்டில் ஆப்பிளும் ஸ்ட்ராபெரியும் இருந்தனவே தவிர, பலாவும் இல்லை, ஏத்தம்பழம் என்று நாங்கள் சொல்லும் நேந்திரனும் இல்லை, சுண்டைக்காய் அறவே இல்லை. விரைவில் முடியட்டும் என்று வெப்பத்தை 70 டிகிரிக்கு ஏற்றி வைத்தேன். சுளையின் மேற்புறம் முந்திக்கொண்டு இறுகி, உள்ளே இருந்த நீர் வெளியேற வழியில்லாமல் அடைபட்டுவிட்டது; தொட்டுப் பார்த்தால் நன்றாகக் காய்ந்ததுபோலவே இருந்தது. போதாக்குறைக்கு, ஆறட்டும் என்று இரவு முழுவதும் தாம்பாளத்தில் பரப்பி வைத்தேன். வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது. காலையில் துண்டுகள் துவண்டு கிடந்தன. அதையும் பொருட்படுத்தாமல் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, மதினிக்கு ஒரு புட்டி அனுப்பியும் விட்டேன். பன்னிரண்டாம் நாள் அவர்களே தொலைபேசியில் அழைத்து, "புட்டிக்குள்ள பூனை ரோமம் மாதிரி என்னமோ இருக்கே" என்றார்கள். என் அலமாரியில் இருந்த புட்டிகளிலும் அதே பூசணம்தான்.

கருவி விற்ற நிறுவனத்தை அழைத்தேன். பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லிப் பயனும் இல்லை. நான் நடந்ததையெல்லாம் விளக்கி முடித்ததும் அந்தப் பெண், "மேடம், முடிச்சிட்டு ஒரு நாள் வெயில்ல வெச்சிருக்கலாமே" என்றாள். வெயில் இருந்தால் நான் ஏன் அம்மா இதை வாங்குகிறேன் என்று கேட்டேன். எதிர்முனையில் பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த அழைப்புக்குப் பிறகு என் கேள்விகளுக்கு நானே விடை தேடிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

நான் கண்டுகொண்டதை இனிச் சொல்கிறேன். இந்தக் கருவிக்குள் இருப்பவை ஒரு சூட்டுச் சுருளும் ஒரு விசிறியும்தான். ஆயினும் சாரல் காலத்தில் அது செய்யும் வேலை பெரிது: 25 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 57 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 17 சதவீதமாக இறங்கிவிடும். ஆகவே வெளியே மழை கொட்டினாலும் தட்டுகளுக்கிடையே ஓடுவது வறண்ட காற்றுதான். ஆனால் மூடிய அறையில் வைக்கக் கூடாது; பழத்தைவிட்டு வெளியேறிய நீர் அந்த அறையிலேயே சுற்றிச் சுற்றித் திரும்பும். பழத்துக்கும் காய்க்கும் 57 டிகிரியே போதும். கறிவேப்பிலை, புதினா போன்ற இலைகளுக்கு 35 முதல் 40 வரை வைத்தால் மணம் போகாது.

சுளையைக் கொட்டை நீக்கி, நீளவாக்கில் நான்காகக் கீறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புகிறேன். பிசினுக்காகக் கையில் தேங்காயெண்ணெய் தடவுவது வழக்கம் அல்லவா, அந்த எண்ணெய் சுளையில் பட்டால் சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். அதனால் சுளை எடுத்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கத்தியைத் தொடுகிறேன். என்னுடையது அடியில் விசிறி உள்ள வகை என்பதால், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கீழ்த்தட்டை மேலும் மேல்தட்டைக் கீழும் மாற்ற வேண்டியிருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் பிடிக்கும். ஒரு கிலோ சுளை 350 கிராம் அளவுக்குச் சுருங்கும். ஏத்தம்பழம் கறுக்காமல் இருக்க, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் முக்கி எடுக்கிறேன். பக்கத்தில் புளியங்குடி இருக்கும்போது எலுமிச்சைக்குப் பஞ்சமில்லை. தக்காளியில் பெரும்பகுதி நீரே என்பதால் கிலோவுக்கு 70 கிராம்கூடத் தேறாது. கொத்தவரங்காயை உப்பு நீரில் ஒரு கொதி விட்டு உலர்த்துகிறேன். எங்கள் ஆச்சி செய்ததும் அதுதான், அந்தக் கொதிதான் காயின் நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகளை அடக்குகிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கருவியை நிறுத்திய பிறகு செய்ய வேண்டியது. அரை மணி நேரம் ஆறியதும் உடனே புட்டியில் போட்டு மூடிவிட வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல், ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பார்க்க வேண்டும். ஈரம் மிகுந்த துண்டும் குறைந்த துண்டும் தமக்குள் சமன்பட்டுக்கொள்ளும். கண்ணாடியின் உட்புறம் வியர்த்தால், வெட்கப்படாமல் மீண்டும் தட்டில் பரப்பிவிட வேண்டும். அந்த ஒரு வாரத்தை நான் அறிந்திருந்தால் மதினியிடம் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

"ஆச்சி காலத்தில் இயந்திரமா இருந்தது?" என்று கேட்க இங்கே சிலர் காத்திருப்பீர்கள். ஆச்சி பங்குனி, சித்திரையில்தான் வத்தல் போட்டார்கள். நானும் அந்த மாதங்களில் கருவியை மூடி வைத்துவிட்டு மாடிக்குத்தான் போகிறேன். மோர் மிளகாயில் இயந்திரம் தோற்றுவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்: பகலில் வெயில், இரவில் மோர் என்று பல நாள் மாறி மாறிப் புளித்து வரும் சுவை, ஒரே மூச்சில் உலர்ந்த மிளகாய்க்கு வராது. சுண்டைக்காயும் அப்படியே. உலர்த்தினால் வைட்டமின் சி குறையும் என்பீர்கள். குறையும்தான், வெயிலில் வைத்தாலும் குறையும்.

மின்செலவைப் பொறுத்தவரை, 400 வாட் கருவி பதினான்கு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் 5.6 யூனிட்தான், சூடு எட்டியதும் சுருள் அணைந்து அணைந்து எரிவதால் உண்மையில் அதற்கும் குறைவு. ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு மாதக் கணக்கு ஏற்கெனவே 500 யூனிட் என்ற கட்டண வரம்பை ஒட்டி நிற்கிறது என்றால், யோசித்து ஓட்டுங்கள். இராமநாதபுரத்திலோ கரூரிலோ மாடியோடு கூடிய வீட்டில் இருந்தால் இதை வாங்காதீர்கள். மலையடிவாரத்திலோ, மாடியில்லாத வீட்டிலோ இருந்தால், வெப்பத்தை டிகிரிக் கணக்கில் மாற்ற முடிகிற கருவியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே சூட்டில் ஓடுவது வேண்டாம்.

சென்ற வைகாசியில் போட்ட வருக்கைப் புட்டியைத் தைப்பொங்கலன்றுதான் திறந்தேன். மதினி வந்திருந்தார்கள். முதலில் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ரோமம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு கரண்டைப் பற்றி ஒன்றும் பேசாமல் பாதியைத் தம் தூக்குவாளியில் தட்டிக்கொண்டு போனார்கள்.