எருக்கும் அரளியும் ஒரே குடும்பமா?

வணக்கம். பழைய நூல் எருக்கை அஸ்கிளிபியடேசியே குடும்பத்தில் வைத்திருக்க, புதிய பாடநூல் அதை அரளியின் குடும்பமான அப்போசயனேசியேயில் சேர்த்திருப்பதால், உலர்தாவரத் தாளில் (செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிவைக்கும் தாள்) எதைக் குறிப்பது என்று கேட்டிருந்தீர்கள். அப்போசயனேசியே என்றே எழுதுங்கள்.

பழைய நூலைக் குறை சொல்வதற்கில்லை. தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன் 1810இல் எருக்கு வகையறாவைத் தனியே பிரித்ததற்கு வலுவான காரணம் இருந்தது. எருக்கம்பூவின் நடுவிலுள்ள ஐங்கோணத் தலையின் ஒரு மூலைப் பிளவில் ஊசி நுனியை நுழைத்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள்; கடுகிலும் சிறிய கரும்புள்ளி ஒன்றும், அதிலிருந்து தொங்கும் இரண்டு மஞ்சள் பைகளும் வெளிவரும். அந்தப் பைகள்தாம் பொலினியங்கள், அதாவது மகரந்தம் ஒன்றாகத் திரண்ட பொதிகள். அரளியிலோ மகரந்தம் உதிரித் தூளாகவே இருக்கிறது.

ஆனால் இந்த வேறுபாடு ஒரே வம்சத்துக்குள் படிப்படியாக வளர்ந்தது. இடைநிலையாக, நன்னாரி சேர்ந்த துணைக்குடும்பத்தில் கரண்டி போன்ற உறுப்பொன்று மகரந்தத்தை ஏந்துகிறது. மரபணு ஆய்வுகளின்படி அரளிக்கு, அதே அப்போசயனேசியேயைச் சேர்ந்த சர்ப்பகந்தியை விட எருக்கே நெருங்கிய உறவு. அரளி விதையிலும் எருக்க விதையிலும் உள்ள மயிர்க்குஞ்சம் சர்ப்பகந்தியில் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆகவே, எருக்கைத் தனிக் குடும்பமாக்கினால், மிஞ்சும் அப்போசயனேசியே ஒரு மூதாதையின் வழித்தோன்றல்கள் அனைவரையும் கொண்ட குழுவாக இருக்காது.

2000இல் வெளியான வகைப்பாடு இக்குடும்பத்தை 5 துணைக்குடும்பங்களாகப் பிரித்தது. அதன்படி தாளில் எருக்கு சேர்ந்த அஸ்கிளிபியடாய்டியே என்ற துணைக்குடும்பப் பெயரையும் சேர்த்தால், பழைய தாள்களோடு ஒப்பிடுவது எளிதாகும்.