பஜனை கேட்டதும் உறைந்துபோகும் தங்கை

உங்கள் தங்கை பஜனை கேட்டு உறைந்துபோகிறார் என்றால், குருவிடம் திரும்பிப் போக ஆசைப்படுகிறார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. குருவின் குழுவை விட்டுக் கோத்தகிரி வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகியும், தெருவில் பஜனை கேட்டால் உங்கள் தங்கை கண் நிலைகுத்தி உட்கார்ந்துவிடுகிறார் என்கிறீர்கள்.

சரியான தூக்கமின்றி மணிக்கணக்கில் ஜபம் செய்தவர்களை அந்த ஓசையே பழைய மயக்கநிலைக்கு இழுத்துவிடும். இப்படி வெளியேறியவர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க உளவியலாளர் மார்கரெட் சிங்கர் 1979லேயே இதை எழுதியிருக்கிறார்.

அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்று என்ன கிழமை, ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று கேளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் கை நனைக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்து பேசினால் பெரும்பாலும் காரணம் இதுதான். எந்த ஓசை, எந்த நேரம் என்று அவரே குறித்துவைக்கட்டும். எது தூண்டுகிறது என்று தெரிந்தாலே பயம் குறையும்.

தயவுசெய்து அந்தக் குருவைத் திட்டாதீர்கள். திட்டினால் தங்கை குருவின் பக்கம் நின்று வாதாட ஆரம்பித்துவிடுவார், உங்களிடம் மனம் திறப்பது நின்றுபோகும்.

தொட்டும் அசைவில்லை, வாய் மெல்லுவதுபோல் அசைகிறது, பிறகு நடந்தது நினைவில்லை என்றால் வலிப்பாகவும் இருக்கலாம். ஊட்டி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.