மாடித்தோட்டம் கேள்வி–பதில்: ஃபுட்பால் லில்லி

சித்திரை பிறந்தால் சென்னையின் பால்கனிகளில் சிவப்புப் பந்தாகப் பூத்து நிற்கும் ஃபுட்பால் லில்லியைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருப்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். சிலர் இதை ‘மே ஃப்ளவர்’ என்று எழுதியிருக்கிறார்கள். சாலையோரத்துக் குல்மொஹர் மரத்துக்கும் அந்தப் பெயர் வழங்குவதால், நர்சரியில் கேட்கும்போது ஃபுட்பால் லில்லி என்றே கேட்பது நல்லது.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பூவுடன் வாங்கிய செடி. அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் இலை மட்டுமே வருகிறது. இலைகள் படர்ந்து நடைவழியை அடைத்துக்கொள்வதால் ஆடி மாதத்திலேயே நறுக்கிவிட்டு, கிழங்கைத் தோண்டிப் புதிய மண்ணில் நட்டுவிடுவேன். வாழைப்பழத் தோல் ஊறிய நீரும் தவறாமல் ஊற்றுகிறேன். பூக்க வைக்க வேறு என்ன உரம் போடலாம்?
— வாசகி, கொளத்தூர்

பதில்: உரத்தை விடுங்கள், கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வையுங்கள். இந்தச் செடியில் ஓர் ஆண்டு மலரும் பூவின் மொட்டு, அதற்கு முந்தைய ஆண்டின் வளர்ச்சிக் காலத்திலேயே கிழங்கின் உள்ளே உருவாகிவிடுகிறது. பூவோடு சேர்ந்தோ பூ வாடும் தறுவாயிலோ வெளிவரும் இலைகள்தாம், அடுத்த நான்கைந்து மாதங்கள் வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கிழங்குக்குள் சேமித்து, மறு ஆண்டின் மொட்டுக்கு வழி செய்கின்றன. ஆடியில் இலையை நறுக்குவது, பாதி மாதத்திலேயே சம்பளத்தை நிறுத்திவிட்டு வீட்டுச் செலவு ஏன் தள்ளாடுகிறது என்று கேட்பதற்கு ஒப்பாகும். இலை தானாக மஞ்சளாகி, காய்ந்து, லேசாக இழுத்தால் கையோடு வரும்வரை அதன் மீது கைவைக்க வேண்டாம். நடைவழிதான் சிக்கல் என்றால், தொட்டியைச் சற்று உயரமான மேடையில் ஏற்றி வையுங்கள்.

ஆண்டுதோறும் தோண்டுவதையும் நிறுத்த வேண்டும். வேரைக் கலைத்தால் இந்தச் செடி அந்த ஆண்டுப் பூவைக் கைவிடுவது உண்டு. தொட்டி சற்றே நெருக்கமாக இருக்கும்போதுதான் இது நன்றாகப் பூக்கிறது. ஒரு கிழங்குக்கு எட்டு அங்குலத் தொட்டி போதும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதுவும் செடி உறங்கும் மாசியில், மண் மாற்றினால் போதுமானது. கிழங்கின் கழுத்து மண்மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ இருக்கட்டும்.

வாழைப்பழத் தோல் நீருக்கு எப்படி இத்தனை புகழ் சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. திறந்த வாளியில் ஊறவைத்தால் கொசுவுக்குத்தான் அது கொண்டாட்டம். மண்புழு உரம் இரண்டு கைப்பிடியை வைகாசியிலும் ஆடியிலும் மேல்மண்ணில் கிளறிவிடுங்கள். வேண்டுமானால் தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள, நீரில் கரையும் 19:19:19 உரத்தை, லிட்டருக்கு ஒரு கிராம் அளவில், இலை பச்சையாக இருக்கும் மாதங்களில் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம், இலைதான் கொழுக்கும். இந்த ஆண்டு இலையை முழுதாக வாழவிட்டால் அடுத்த கோடையில் பூவை எதிர்பார்க்கலாம். கிழங்கு ஏற்கெனவே மெலிந்திருந்தால் இன்னும் ஓர் ஆண்டு கூடுதலாகும்.

கேள்வி: கடந்த மழைக்காலத்தில் என் ஆறு கிழங்குகளில் நான்கு அழுகிக் கூழாகிவிட்டன. ஆப்பிரிக்காவின் மழைக்காட்டுச் செடி என்று சொல்லித்தானே விற்றார்கள், மழையே ஆகாதா? கடையில் கிடைக்கும் தயார் மண்கலவையில்தான் நட்டிருந்தேன்.
— வாசகர், வேளச்சேரி

பதில்: மழை ஆகும், உங்கள் ஊர் மழை வரும் மாதம்தான் ஆகாது. ஸ்கடாக்ஸஸ் மல்டிஃப்ளோரஸ் என்னும் இந்தச் செடி, மேற்கே செனகல் முதல் கிழக்கே சோமாலியா வரையிலும், தெற்கே தென்னாப்பிரிக்கா வரையிலும், செங்கடலைத் தாண்டி ஏமனிலும் இயற்கையாக வளர்கிறது. காட்டு நிழலில் மட்டுமன்றிப் புல்வெளிகளிலும் இதைக் காணலாம். இவற்றில் பெரும்பாலான இடங்களில் வெயிலுக்குப் பின் மழை, மழைக்குப் பின் நீண்ட வறட்சி என்பதே ஒழுங்கு. மழையோடு விழித்து, மழை முடிந்ததும் இலையை உதிர்த்து, மண்ணுக்குள் உலர்ந்து உறங்குவது இதன் பழக்கம்.

சென்னையிலோ பங்குனி, சித்திரை வெப்பத்திலும் ஒரு கோடை மழையிலும் இது விழித்துக்கொள்கிறது. தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைகள் இதற்கு நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் இந்நகரத்தில், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. செடி இலை பழுத்துத் தூங்கப் போவதும் அதே மாதங்களில்தான். இலை இல்லாத கிழங்கு நீரை இழுக்காது. நான்கு நாள் விடாமல் பெய்து தொட்டி மண் சேறாக நிற்கும்போது, கிழங்கின் அடித்தட்டில்தான் அழுகல் தொடங்கும். மேலே ஒன்றும் தெரியாது. மாசியில் தொட்டுப் பார்க்கும்போது கழுத்து விரலுக்குள் நசுங்கி, புளித்த வாடை அடிக்கும்.

ஆகவே இந்தச் செடியைப் பொறுத்தவரை சென்னைக்காரர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று என்றால், ஐப்பசி அடைமழைக்கு முன் தொட்டியை மழை படாத இடத்துக்கு நகர்த்துவதுதான். சன்ஷேடின் கீழ், மாடிப்படிக்கு அடியில், எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். இலை பாதி பழுத்ததும் நீரைக் குறையுங்கள். முழுதும் காய்ந்ததும் நிறுத்துங்கள். மார்கழி முதல் பங்குனி வரை கிழங்கு தொட்டியிலேயே, உலர்ந்த மண்ணில் கிடக்கட்டும். கிழங்கு சுருங்குவதுபோல் தோன்றினால் மாதத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் நீர் தெளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இடமே இல்லாதவர்கள், இலை காய்ந்த பின் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்துவிடலாம். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் மழைநீர் உள்ளே தேங்காது.

தயார் மண்கலவையைப் பற்றி ஒரு வார்த்தை. இவற்றில் பெரும்பங்கு தேங்காய் நார்க்கழிவு. கீரைக்கும் தக்காளிக்கும் அது சரி. மழைக்காலத்தில் உறங்கும் கிழங்குக்கு அது நனைந்த மெத்தை. செம்மண், பருமணல், நன்கு மக்கிய தொழு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து, ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கும் சேருங்கள். தப்பிய இரண்டு கிழங்குகளையும் இப்போதே எடுத்து அடித்தட்டை அழுத்திப் பாருங்கள். எங்காவது மெத்தென்று இருந்தால், வெள்ளைச் சதை தெரியும்வரை சுத்தமான கத்தியால் சீவி, தாமிர ஆக்ஸிகுளோரைடு என்னும் பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துத் தடவி, மூன்று நாள் நிழலில் உலர்த்திய பிறகு புதிய மண்ணில் நடுங்கள். அடித்தட்டு முழுவதும் போயிருந்தால் கிழங்கைக் காப்பாற்ற முயல வேண்டாம். அந்த மண்ணையும் வேறு தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: மொட்டை மாடியில் முழு வெயிலில் வைக்கலாமா?
— வாசகர், ராயபுரம்

பதில்: அக்னி நட்சத்திரத்தில் கூடாது. காலை ஒன்பது, பத்து மணி வரை வெயிலும், பிறகு நிழலும் போதும். மாடி என்றால் ஐம்பது சதவீத நிழல்வலை கட்டுங்கள். ஒரு பந்தில் இருநூறு வரை சிறு பூக்கள் இருக்கக்கூடும். நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும் அவை, உச்சி வெயிலில் இரண்டு மூன்று நாளில் வெளுத்துப்போகும்.

கேள்வி: இலை நுனிகள் காகிதம்போல் காய்ந்து பழுப்பாகின்றன. எங்களுக்குப் போர் தண்ணீர்தான். ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் நீரை வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்றி வருகிறோம்.
— வாசகி, திருவான்மியூர்

பதில்: சிக்கனம் பாராட்டத்தக்கது, ஆனால் நீர் தவறானது. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் நீரில், உங்கள் போர் தண்ணீரில் உள்ள உப்பு இன்னும் செறிவாக இருக்கும். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி கருகுவதற்குக் காரணம் அதுவே. அந்த நீரைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொண்டு, செடிக்கு ஏசியிலிருந்து சொட்டும் நீரைப் பிடியுங்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. தவிர, ஏசி அதிகம் ஓடும் மாதங்களும் இந்தச் செடி நீர் கேட்கும் மாதங்களும் ஒன்றாகவே அமைகின்றன. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பின் அமைத்த தொட்டி உங்கள் குடியிருப்பில் இன்னும் செயல்படுகிறதென்றால், அந்த நீர் இன்னும் சிறப்பு. தொடக்கமாக ஒருமுறை, அடித்துளைகள் வழியே நன்றாக வழிந்தோடும்படி நல்ல நீரை மெதுவாக ஊற்றி மண்ணைக் கழுவிவிடுங்கள். பழுப்பான நுனியை மட்டும் வெட்டலாம்.

கேள்வி: ஒரே இரவில் இலைகள் எலும்புக்கூடாகிவிட்டன. கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் செம்மஞ்சள் திட்டுகளும் கொண்ட புழுக்கள் கூட்டமாக இருந்தன. பக்கத்துத் தொட்டியிலிருந்த மழை லில்லியும் போய்விட்டது.
— வாசகர், தாம்பரம்

பதில்: பாலிட்டெலா குளோரியோசே என்னும் லில்லி அந்துப்பூச்சியின் புழுக்கள் இவை. நம் மாநில மலரான செங்காந்தளையும் இவை தின்னும். ஃபுட்பால் லில்லியும் மழை லில்லியும் சேர்ந்த அமரில்லிஸ் குடும்பத்தின் மேல் இவற்றுக்குத் தனி விருப்பம். மருந்தைத் தேடுமுன் கையுறை அணிந்து புழுக்களைப் பொறுக்கிச் சோப்பு நீரில் போடுங்கள். கூட்டமாகவே இருக்கும் என்பதால் பத்து நிமிட வேலைதான். இலையின் அடிப்பக்கத்தில் முட்டைக் குவியல் தெரிந்தால் விரலால் தேய்த்துவிடுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். மிகுதியாக இருந்தால் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர் மருந்து சிறு புழுக்களுக்கு நன்றாக வேலை செய்யும். முதிர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும்; ஆகவே மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறிப் பார்க்கத் தவறாதீர்கள். கிழங்கு திடமாக இருந்தால் இதே பருவத்தில் புதிய இலை வரலாம்.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தையும் பூனையும் இருக்கின்றன. இது விஷச் செடி என்று பக்கத்து வீட்டு மாமி பயமுறுத்துகிறார். உண்மையா?
— வாசகி, அண்ணா நகர்

பதில்: மாமி சொல்வது உண்மை. கிழங்கில் லைகோரின் உள்ளிட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் இதை அம்பு விஷத்திலும், மீன் பிடிக்க நீரில் கலக்கும் நஞ்சிலும் சேர்த்திருக்கிறார்கள். தின்றால் எச்சில் ஒழுகுதல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படும். தொட்டால் ஆபத்தில்லை, சாறு பட்டால் சிலருக்கு அரிக்கும், அவ்வளவே. தொட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தோண்டிய கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது, ஏனெனில் உரித்த வெங்காயத்துக்கும் இதற்கும் அவசரத்தில் வேறுபாடு தெரியாது. தின்றுவிட்டதாக ஐயம் எழுந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பூனைக்கும் அப்படியே, கால்நடை மருத்துவரிடம்.

கேள்வி: என் செடி மார்கழியிலும் இலை உதிர்க்கவில்லை. நீரை நிறுத்தி வற்புறுத்தி உறங்க வைக்க வேண்டுமா?
— வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டாம். இந்த இனத்தில் கேத்தரினே என்னும் துணையினம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த அது, பெரும்பாலும் ஆண்டு முழுதும் இலையோடு நிற்கும். உங்களுடையது அதுவாகவும் இருக்கலாம், நிழலும் ஈரமும் மிகுந்ததால் விழித்தே இருக்கும் சாதாரணச் செடியாகவும் இருக்கலாம். எதுவானாலும் நீரைக் குறைத்தால் போதும். பச்சை இலை இருக்கும்போது முழுதாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: பூ வாடியபின் சிவப்புக் காய்கள் ஏழெட்டுத் திரண்டிருக்கின்றன. விதை போட்டு வளர்க்க முடியுமா?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: முடியும், பொறுமை இருந்தால். பழம் நன்கு சிவந்து மெத்தென்று ஆனதும் பறித்து, கையுறையுடன் சதையைக் கழுவி நீக்கி, அன்றே விதையுங்கள்; உலர்த்திப் பொட்டலம் கட்டி வைத்தால் முளைக்கும் திறன் போய்விடும். ஈர மணல் கலந்த மண்ணில் விதை பாதி வெளியே தெரியும்படி அழுத்தினால் போதும். முதலில் ஒரு தடித்த வேர் இறங்கி, அதன் தலையில் மணியளவு கிழங்கு திரளும். இலை அதன் பிறகுதான் எட்டிப் பார்க்கும் என்பதால், முளைக்கவில்லை என்று எண்ணி மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். நாற்றுக்கு இலை பச்சையாக இருக்கும்வரை நீர் கொடுங்கள். பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். அவ்வளவு நாள் காத்திருக்க மனமில்லையென்றால், மாசியில் தாய்க் கிழங்கின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குட்டிக் கிழங்குகளை, வேர் உள்ளவற்றை மட்டும், பிரித்து நடுங்கள். அவை சீக்கிரம் பூக்கும்.