சின்னக் கப்பலில் ஏழு இரவு: 64 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கேள்வி: "இராமநாதபுரத்திலிருந்து கேட்கிறேன். ஆகஸ்டில் கிரேக்கத் தீவுகள், நடுவில் ஒரு நாள் துருக்கி, மொத்தம் 7 இரவு. 60 பயணிகள் மட்டும் போகும் சின்னச் சொகுசுக் கப்பல். நான், மனைவி, அம்மா (64 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம்). கடற்கரைக்காரங்களுக்குக் கடல் ஒத்துக்கும், பயப்படாதே என்கிறார்கள். என்ன எதிர்பார்க்கலாம்?"

அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாராளமாகப் போங்கள். ஆகஸ்டில் மட்டும் போகாதீர்கள்.

"கடற்கரைக்காரங்களுக்குக் கடல் ஒத்துக்கும்" என்பதைப் படித்ததால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கீழக்கரை, பாம்பன், தொண்டி என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே வயிறு கெட்டியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. தலைமுறையாக வல்லத்தில், அதாவது நாட்டுப் படகில், போகிறவர்களே கப்பல் கேபினுக்குள் படுத்ததும் வாந்தி எடுப்பார்கள். வல்லத்தில் கண் அலையைப் பார்க்கிறது, உடம்பும் அதற்கேற்ப ஆடுகிறது. மூடிய கேபினில் சுவர் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்லும், ஆடுகிறது என்று சமநிலையை உணரும் உள்காது சொல்லும். இரண்டும் ஒத்துப்போகாததுதான் கடல் மயக்கம். ஆட்டமும் வேறு மாதிரி. ஆழமில்லாத வடகடலில் (பாக் விரிகுடா) அலை குட்டையாக, அடுத்தடுத்து வந்து தட்டும். கப்பலோ ஒரு பக்கம் மெதுவாகச் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாயும். அதற்குப் பழகாத உடம்பு எந்த ஊராக இருந்தாலும் தடுமாறும். உங்கள் அம்மாவுக்கு வராமலும் போகலாம். ஆனால் ஊரை நம்பி மாத்திரை இல்லாமல் ஏறாதீர்கள்.

இனி மாதம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது நம் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வல்லங்களை வடகடலுக்கு மாற்றிக் கட்டுவார்கள். ஐப்பசிக்கு மேல் வாடை தொடங்கினால் வடகடல் கலங்கும், தெற்கே வந்துவிடுவார்கள். கிரேக்கத் தீவுகள் இருக்கும் ஏஜியன் கடலுக்கும் இப்படி ஒரு காற்று உண்டு. மெல்டெமி என்பார்கள். பால்கன் பக்கம் உயர் அழுத்தமும் துருக்கி நிலப்பரப்பில் தாழ்வழுத்தமும் நிற்கும் கோடையில், வடக்கிலிருந்து இறங்கி அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் உச்சம். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும், கடல் மட்டும் நுரை தள்ளும். தொடங்கினால் பல நாள் நீடிக்கும். காற்றின் வேகத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவில் 6, 7 என்பது அங்கே சாதாரணம், அதாவது மணிக்கு 40 முதல் 60 கிலோமீட்டர் வேகக் காற்று. 3,000 பேர் ஏறும் பெரிய கப்பல் இதை ஓரளவு தாங்கிக்கொண்டு போகும். 60 பேர் கப்பல் நீளமும் எடையும் குறைந்தது, ஆடித்தான் தீரும். காற்று அதற்கும் மேலே போனால் துறைமுக அதிகாரிகளே சின்னக் கலங்களைப் புறப்பட விடமாட்டார்கள். ஏழு நாளில் இரண்டு நாள் ஒரே தீவில் கட்டிக் கிடக்க நேரலாம். மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை, அல்லது செப்டம்பர் கடைசி என்று தேதியை மாற்றுங்கள். ஆகஸ்டில் போய் ஒரு ஆட்டமும் இல்லாமல் திரும்பினோம் என்று கீழே சிலர் எழுதுவார்கள். உண்மையாகவே இருக்கும். அவர்கள் போன வாரம் காற்று விட்டிருக்கும், அவ்வளவுதான்.

கப்பல் சிறியது என்பதில் நல்லதும் உண்டு. பெரிய கப்பல் நுழைய முடியாத சின்னத் துறைமுகங்களில் இது நேராகப் போய்க் கட்டும். இறங்க ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டாம். மூன்றாம் நாளில் எல்லா ஊழியருக்கும் உங்கள் பெயர் தெரியும். சூதாட்டக் கூடம், மேடை நிகழ்ச்சி, நீர்ச்சறுக்கு, நான்கு உணவகம் எதுவும் இருக்காது. ஒரே சாப்பாட்டுக் கூடம், ஒரு சின்ன உட்காரும் அறை, மேல்தளத்தில் நாற்காலிகள். இரவு பத்து மணிக்கு மேல் கப்பல் அடங்கிவிடும். லிஃப்ட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இந்த அளவுக் கப்பல்கள் பலவற்றில் கிடையாது. முழங்கால் வலிக்காரருக்கு முதல் கேள்வியே இதுதான்.

கேபின் எடுக்கும்போது ஏஜென்ட் மேல்தளத்தைத்தான் காட்டுவார், விலை அதிகம். ஆட்டத்தில் உயரம் கூடக் கூட அசைவும் கூடும். முன்பக்கமும் பின்பக்கமும் ஏற்றப் பலகை போல ஏறி இறங்கும். அம்மாவுக்குக் கப்பலின் நீளவாக்கில் நடுவில், கீழ்த்தளத்தில் அல்லது அதற்கு அடுத்ததில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் படி குறைவாக இருக்கும் கேபினைக் கேளுங்கள். முன்பக்கக் கேபினில் காலை ஆறு மணிக்கு நங்கூரச் சங்கிலி இறங்கும் சத்தம் தலைமாட்டில் கேட்கும். பின்பக்கம் எஞ்சின் அதிர்வு. கீழ்த்தளத்தில் வட்டச் சன்னல்தான், திறக்காது, கடல் தெரியும், காற்று வராது. ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைக்கும் கருவி) இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பெரும்பாலானவை கப்பல் ஓடும்போதுதான் வேலை செய்யும். இரவு நங்கூரம் போட்டு நிற்கும்போது பக்கவாட்டு அலை வந்தால் அது உதவாது.

குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்தில் தடுப்பு இருக்கும், தண்ணீர் வெளியே வராமலிருக்க. வயதானவர்கள் இரவில் தடுக்கி விழுவது அங்கேதான். சின்ன டார்ச் ஒன்றைத் தலையணை அருகே வையுங்கள். கழிவறை காற்றால் உறிஞ்சும் வகை, மூடியைச் சாத்திவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். ஈரத் துடைப்புத் தாள், பஞ்சு, நாப்கின் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஒரு கேபினில் அடைத்தால் அதே குழாய்த் தொடரில் உள்ள மற்ற கேபின்களும் நிற்கும். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் மக் எடுத்துப் போங்கள். இதை எழுத யாரும் வெட்கப்படத் தேவையில்லை. ஏழு நாள் நிம்மதி இதில் இருக்கிறது.

அயர்ன் பாக்ஸ், தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் காயில், எலக்ட்ரிக் குக்கர், ஊதுபத்தி, சாம்பிராணி, விளக்கு எதையும் கொண்டுபோகாதீர்கள். ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். கப்பலில் தீயைத்தான் எல்லாவற்றையும்விடப் பயப்படுவார்கள். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடாது. கப்பலின் மின்சாரம் வீட்டில் உள்ளதுபோல் எர்த் செய்யப்பட்டதல்ல, அந்தப் பெட்டியே சூடாகித் தீப்பிடிக்கலாம். பெட்டிக்குப் பதில் மடிக்கக்கூடிய துணிப்பை எடுங்கள், கட்டிலுக்கு அடியில் தள்ள அதுதான் வசதி.

சாப்பாட்டைப் பற்றி. பொருளெல்லாம் புறப்படும் முன்பே ஏற்றிவிடுவார்கள், நடுக்கடலில் கத்தரிக்காய் வாங்க முடியாது. குறைந்தது ஆறு வாரம் முன்பே மின்னஞ்சலில் எழுதுங்கள். "சைவம்" என்று மட்டும் எழுதினால் மீனும் முட்டையும் வந்து நிற்கும். "இறைச்சி, கோழி, மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த சாறு எதுவும் கூடாது, பால், தயிர், வெண்ணெய் சரி" என்று விரித்து எழுதி, சமையல் பொறுப்பாளரின் ஒப்புதலைப் பதிலாக வாங்குங்கள். ஹலால் வேண்டுபவர்களுக்கும் இதே வழிதான், வாய்மொழி உறுதி போதாது. பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், வறுத்த கடலை கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பால்பவுடர் கலந்த இனிப்பு, இறைச்சி வகை எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. கருவாடும் வேண்டாம், அந்த வாசம் மூடிய கேபினை விட்டு ஏழு நாளும் போகாது.

மாத்திரையை வாந்தி வந்தபிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. கப்பல் புறப்பட ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், காற்று அதிகம் என்று தெரிந்தால் முந்தைய இரவே. அவோமின் நம் மருந்துக் கடைகளில் கிடைக்கும். தூக்கம் வரும், படியில் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கண் அழுத்த நோய் இருந்தாலோ, வேறு மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் கேட்டபிறகே. பட்டினி கிடந்தால் வாந்தி வராது என்பது தவறு, காலி வயிறுதான் மோசம். பிஸ்கட், ரொட்டி, கொஞ்சம் இஞ்சி. ஆட்டம் தொடங்கியதும் கேபினை விட்டு நடுத்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். போனைப் பார்க்கவிடாதீர்கள்.

டாக்டர் விஷயம் பலருக்குத் தெரியாது. கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2006-இன்படி, 100 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு மூன்று நாளுக்கு மேல் நீளும் சர்வதேசப் பயணம் போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். 60 பயணியும் முப்பது, முப்பத்தைந்து ஊழியரும் என்றால் நூறைத் தொடவில்லை. முதலுதவிப் பயிற்சி பெற்ற அதிகாரி மட்டும் இருக்கக்கூடும். நேரடியாகக் கேளுங்கள். ஷெங்கன் விசாவுக்கு (கிரேக்கம் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அதில் கப்பல் பயணம் சேர்ந்திருக்கிறதா, கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுவரும் செலவு வருமா என்று பார்த்து, அம்மாவின் பழைய நோய்களை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பணம் தர மறுப்பார்கள். அன்றாட மாத்திரைகள் கைப்பையில், பத்து நாளுக்குக் கூடுதலாக.

விசா இன்னொரு சிக்கல். கிரேக்கத்திலிருந்து துருக்கி போனால் ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறுகிறீர்கள். திரும்பி வர பல நுழைவு விசா தேவை. ஒற்றை நுழைவு விசாவோடு போனால் கப்பலிலேயே ஏற்ற மாட்டார்கள். துருக்கியில் ஒரு நாள் இறங்க என்ன வேண்டும் என்பதையும் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

சில இடங்களில் கப்பல் தள்ளி நிற்கும், சின்னப் படகில்தான் கரைக்குப் போக வேண்டும். அலையில் படகு மேலே வந்து ஒரு நொடி நிற்கும்போது கால் வைக்க வேண்டும், இறங்கும்போது வைத்தால் முழங்கால் போய்விடும். ஊழியரின் விரலைப் பிடிக்கக் கூடாது. முன்கையை அவர் பிடிப்பார், அவர் முன்கையை நீங்கள் பிடியுங்கள். நனைந்தாலும் வழுக்காது. அம்மா அன்றைக்குப் புடவைக்குப் பதில் சுடிதார் உடுத்தட்டும், செருப்புக்குப் பின்வார் இருக்கட்டும். சாண்டோரினியில் பழைய துறைமுகத்திலிருந்து ஊருக்குக் கிட்டத்தட்ட 590 படி. கேபிள் கார் இருக்கிறது, வரிசை நீளம். காலையிலேயே போய்விட்டு மதியத்துக்குள் இறங்குங்கள்.

இந்தக் கால் வைக்கும் பழக்கத்துக்கு ஊரிலேயே ஒத்திகை பாருங்கள். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறைப் படகு போகிறது. குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும் போகிறது, ஆனால் கச்சான் மாதங்களில் அந்தப் பக்கம் கடல் குணம் பார்த்துப் போங்கள். படகில் ஏறி இறங்க முழங்கால் தாங்குகிறதா, அம்மாவுக்குப் பயமா என்று தெரியும். கடல் மயக்கம் வருமா வராதா என்பது அதில் தெரியாது.

பணக் கணக்கு: விலை ஒரு ஆளுக்கு, இருவர் ஒரு கேபினில் தங்கினால். மூவர் என்றால் அம்மாவுக்குத் தனிக் கேபினுக்குக் கூடுதல் கட்டணம் வரும். துறைமுகக் கட்டணம், ஊழியர் டிப்ஸ், குளிர்பானம், கரைச் சுற்றுலா பெரும்பாலும் தனி. 2025 ஜூலையிலிருந்து கிரேக்கம் கப்பல் பயணிகளுக்கு வரி போட்டிருக்கிறது. உச்ச மாதங்களில் சாண்டோரினி, மைக்கனோசில் ஆளுக்கு 20 யூரோ. நடுக்கடலில் போனை விமானப் பயன்முறையில் வையுங்கள், கப்பல் நெட்வொர்க்கைப் பிடித்தால் பில் தாங்காது. காற்றால் ஒரு துறைமுகம் ரத்தானால் பணம் திரும்பாது. வழியை மாற்றக் கேப்டனுக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவுக்கும் நாம் முதலில் மதுரையோ சென்னையோ போய் விமானம் பிடிக்க வேண்டியிருக்கிறது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது, அங்கேயே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் 2025 ஏப்ரலில் வந்துவிட்டது, கப்பல் வரவில்லை. இலங்கைக்குக் கடல் வழியாகப் போக நாகப்பட்டினம் போக வேண்டியிருக்கிறது. கப்பலோட்டிய மரக்காயர்களின் கரையில் பிறந்தவர்கள் கப்பலில் கால் வைப்பதற்கு வேறு ஊர் தேடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் புறப்படுவதற்கு முந்தைய நாளே ஏதென்ஸ் போய்த் தங்குங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அடுத்த தீவுக்கு உங்கள் செலவில் போக வேண்டும். ஏறியதும் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும். ஏழு குறுகிய சங்கொலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் லைஃப் ஜாக்கெட்டோடு கூடுமிடத்துக்கு வர வேண்டும். 2012-இல் இத்தாலிக் கரையோரம் கவிழ்ந்த கோஸ்டா கான்கோர்டியா சொகுசுக் கப்பல் விபத்துக்குப் பிறகு, 2015 முதல், புறப்படும் முன் அல்லது புறப்பட்ட உடனே இதை நடத்துவது கட்டாயம். அசதியாக இருக்கிறது என்று அம்மாவைக் கேபினில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கேபினிலிருந்து கூடுமிடம் வரை எத்தனை படி, எந்தப் பக்கம் கைப்பிடி என்று அம்மா தன் காலால் ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

முன்பணம் கட்டும் முன் கப்பலின் தளப் படத்தையும் உங்களுக்குச் சொன்ன கேபின் எண்ணையும் இங்கே போடுங்கள். எது நடுவில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.