எலக்ட்ரானுக்கு நான்காவது எண் எதற்கு?

கேள்வி: எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலிருந்து, அணுவில் அதன் நிலையைக் குறிக்கும் குவாண்டம் எண்கள் மூன்றே கிடைக்கின்றன என்று பிளஸ் ஒன் வேதியியல் வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் நான்காவதான தற்சுழற்சிக் குவாண்டம் எண் எங்கிருந்து வந்தது? எலக்ட்ரான் உண்மையிலேயே பம்பரம் போலச் சுழல்கிறதா?

பதில்: சுழலவில்லை. அந்த எண் வந்த வழியைப் பார்த்தால் காரணமும் விளங்கும்.

முதல் மூன்று எண்களும் எலக்ட்ரானின் அலை முப்பரிமாண வெளியில் எவ்வாறு பரவியிருக்கிறது என்பதைச் சொல்கின்றன. ஹைட்ரஜன் அணுவில் முதன்மை எண் ஒன்றே ஆற்றலைத் தீர்மானித்துவிடுகிறது; −13.6 எலக்ட்ரான் வோல்ட்டை அவ்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். கோண உந்த எண் ஆர்பிட்டாலின் (எலக்ட்ரான் இருக்க வாய்ப்புள்ள பகுதியின்) வடிவத்தையும், காந்த எண் அதன் திசையமைப்பையும் குறிக்கின்றன. கோண உந்த எண் 0 எனில் காந்த எண்ணுக்கு ஒரே மதிப்பு, 1 எனில் 3 மதிப்புகள், 2 எனில் 5. இந்த எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

1922 ஆம் ஆண்டில் பிராங்பர்ட் நகரில் ஓட்டோ ஸ்டெர்னும் வால்தர் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களின் கற்றையைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே செலுத்தியபோது அது இரண்டாகப் பிரிந்தது. காந்த எண்ணுக்கு எத்தனை மதிப்புகளோ, அத்தனை பிரிவுகளாகத்தான் கற்றை பிரிய வேண்டும். வெள்ளியின் வெளிக்கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானின் கோண உந்த எண் 0 என்பதால், மூன்று எண்கள் மட்டுமே இருந்திருந்தால் கற்றை பிரிந்திருக்கவே கூடாது; வேறெந்த முழு எண்ணாக இருந்தாலும் இரட்டைப்படையில் பிரிய வழியில்லை. இரண்டாகப் பிரிய வேண்டுமானால் எலக்ட்ரானுக்கென்றே, +½, −½ என்ற இரு மதிப்புகளை மட்டும் தரும் ½ அளவுள்ள கோண உந்தம் (சுழற்சியின் அளவு) ஒன்று இருந்தாக வேண்டும். இந்தப் பொருள் அப்போது எவருக்கும் புலப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

1925 இல் இயற்பியலாளர் பௌலி, ஓர் அணுவின் எந்த இரண்டு எலக்ட்ரான்களுக்கும் நான்கு எண்களும் ஒன்றாக இருக்க முடியாது என்று வரையறுத்தார். நான்காவது எண்ணுக்கு இரண்டே மதிப்புகள் என்று கொண்டதால்தான் கூடுகளின் கொள்ளளவு 2, 8, 18 என்று சரியாக அமைந்தது. அதே ஆண்டில் நெதர்லாந்தின் லைடன் நகரில் உலன்பெக், கௌட்ஸ்மித் என்ற இரு இயற்பியலாளர்கள் அதனை எலக்ட்ரானின் தற்சுழற்சி என்று விளக்கினர்.

ஆனால் எலக்ட்ரானை ஒரு சிறு உருண்டையாகக் கருதிக் கணக்கிட்டால், அதன் மேற்பரப்பு ஒளியைவிட வேகமாக நகர வேண்டியிருக்கும். மேலும், பம்பரத்தின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். எலக்ட்ரானின் தற்சுழற்சியின் அளவு மாறுவதே இல்லை. நிறையையும் மின்னூட்டத்தையும் போல அது எலக்ட்ரானின் உள்ளார்ந்த பண்பு. 1928 இல் இயற்பியலாளர் டிராக், குவாண்டம் கொள்கையை ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியலோடு இணைத்து எழுதிய சமன்பாட்டில், எவரும் தனியாகச் சேர்க்காமலேயே அந்த ½ வெளிப்பட்டது.