மீன்தொட்டிக்காக ஆர்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. கோத்தகிரிக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. சம்பளம் 24,000 ரூபாய். கணவர் எங்கள் ஒன்றரை ஏக்கர் தேயிலையைப் பார்த்துக்கொள்கிறார். அதில் சில மாதம் 15,000 வரும், சில மாதம் 5,000கூட நிற்காது. வீடு சொந்தம். வீட்டுச் செலவு மாதம் 26,000. மகளிர் குழுக் கடனில் இன்னும் ஆறு தவணை, தவணைக்கு 1,850 ரூபாய். வங்கியில் 35,000 இருக்கிறது. அஞ்சலக ஆர்.டி.யில் (தொடர் வைப்பில்) மாதம் 2,000 வீதம் 37 தவணை கட்டியிருக்கிறேன்; வட்டி 6.7 விழுக்காடு. வீட்டிலுள்ள இரண்டடி மீன்தொட்டியில் பத்துக் கப்பி மீன்களும் இரண்டு ஏஞ்சல் மீன்களும் உள்ளன. ஏஞ்சல்கள் வளர்ந்து, திரும்பும்போதெல்லாம் துடுப்பு கண்ணாடியில் உரசுகிறது. நான்கடித் தொட்டிக்குக் கோவைக் கடைக்காரர் 42,000 கேட்கிறார்: தொட்டி 14,000, ஸ்டாண்டு 9,000, ஃபில்டர் 9,500, விளக்கு 4,500, இரண்டு ஹீட்டர் 2,500, கல்லும் மணலும் 2,500. தீபாவளி போனஸ் 12,000ஐ முன்பணமாகக் கொடுத்தால், மீதியை 2,850 வீதம் பன்னிரண்டு தவணையில் கட்டலாம் என்கிறார். ஆர்.டி.யை முடித்து மொத்தமாகக் கொடுப்பதா, தவணையில் வாங்குவதா? கணவர், 'தண்ணீரில் போடும் காசு' என்கிறார்.

பதில்: இரண்டுமே வேண்டாம். தொட்டியை வாங்குங்கள், ஆனால் இந்தத் தீபாவளிக்கு வேண்டாம், நான்கடியும் வேண்டாம். உங்கள் கணவர் சொல்வதைக் கடனைப் பொறுத்தவரை நான் ஒப்புக்கொள்கிறேன். மீனைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ளவில்லை. வளர்க்க எடுத்த உயிர் திரும்ப இடமில்லாமல் உரசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அதற்கு வழி தேடுவது வீண்செலவு ஆகாது.

முதலில் தவணைக் கணக்கு. கடன் 30,000, திருப்பிக் கட்டுவது 34,200. கூடுதலாகக் கட்டும் 4,200 ரூபாயைப் பார்த்தால் 14 விழுக்காடு வட்டி போலத்தான் தோன்றும். ஆனால் ஆறாவது மாதத்திலேயே பாதிக் கடனை அடைத்துவிட்ட பிறகும் முழு 30,000 ரூபாய்க்கான வட்டியையே நீங்கள் கட்டிக்கொண்டிருப்பதால், குறையும் நிலுவையின் மேல் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 விழுக்காடு வருகிறது. நகைக் கடனுக்குக்கூட வங்கிகள் இவ்வளவு வாங்குவதில்லை. ஆர்.டி.யை மூன்று ஆண்டுக்குப் பிறகு முடிக்க அஞ்சலகம் அனுமதிக்கும் என்றாலும், ஐந்து ஆண்டு முடியும் முன் எடுத்தால் சேமிப்புக் கணக்கின் 4 விழுக்காடு வட்டியைத்தான் கொடுக்கும். கட்டியிருக்கும் 74,000 ரூபாயில் இந்த வித்தியாசம் மூவாயிரத்துக்கு மேல் போகும். அதைவிடப் பெரிய இழப்பு, பாதித் தூரத்துக்கு மேல் வந்துவிட்ட சேமிப்பு நின்றுபோவது. அவசரம் என்று ஏதேனும் வந்தால், கட்டிய தொகையில் பாதிவரை அதே ஆர்.டி.யின் மேல் இரண்டு விழுக்காடு கூடுதல் வட்டிக்கு, உங்கள் கணக்கில் 8.7 விழுக்காட்டுக்கு, கடன் கிடைக்கும். அந்தக் கதவை மருத்துவச் செலவுக்காகத் திறந்தே வைத்திருங்கள்.

இனி, கடைக்காரரின் பட்டியலில் இல்லாத செலவுக்கு வருகிறேன். சமவெளியில் மீன்தொட்டி வைப்பவருக்கு ஹீட்டர் மழைக்காலத்துத் துணை. நம் மலையில் அதுதான் மாதாந்திரச் செலவின் தலைவாசல். ஏஞ்சலுக்குத் தண்ணீர் 24, 25 டிகிரி வேண்டும், மார்கழியில் உங்கள் கூடமோ இரவில் 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். இப்போதுள்ள 100 வாட் ஹீட்டரின் சிவப்பு விளக்கை ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்: நண்பகலில் அணைந்தே கிடக்கும், விடியற்காலை ஐந்து மணிக்கு அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். மொத்தத்தில் நாளில் பாதி நேரம் எரிவதாகக் கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத மின் கணக்கீட்டில் 72 யூனிட்.

நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி 255 லிட்டர் பிடிக்கும். உங்கள் இரண்டடித் தொட்டியில் 57 லிட்டர்தான். தண்ணீர் நாலரை மடங்கு ஆனாலும் சூடு வெளியேறுவது கண்ணாடிப் பரப்பின் வழியாகத்தான் என்பதால், மின்சாரம் நாலரை மடங்கு ஆகாது. பரப்பு பெருகும் 2.8 மடங்குதான் ஆகும். அதாவது 72 யூனிட் 202 யூனிட் ஆகும். இரண்டு மாதத்துக்கு உங்கள் வீட்டில் குளிர்காலத்தில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களைப் போன்ற குடும்பங்களின் மின்கட்டண அட்டைகளைப் பார்த்த பழக்கத்தில் 420 என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் அட்டையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இதனுடன், 202இல் இப்போதைய 72 போக மிஞ்சும் 130 சேர்ந்தால் 550. நம் மாநிலத்தில் 500 யூனிட் வரை ஒரு கணக்கு, அதைத் தாண்டினால் வேறு கணக்கு. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதோடு நிற்காமல், கீழே கிடைத்துவந்த சலுகையின் ஒரு பகுதியும் போய்விடும். அந்த ஒரு கணக்கீட்டிலேயே கட்டணம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏறிவிடும்.

இந்தச் செலவு எந்த மாதங்களில் வருகிறது என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்க்கிறேன். பனி விழும் மார்கழியும் தையும் ஹீட்டர் அதிகம் எரியும் மாதங்கள்; அதே மாதங்களில்தான் கொழுந்து கருகி, அடுத்து வரும் வறட்சியிலும் இலை குறைந்து, தொழிற்சாலைக்குப் போகும் மூட்டை பாதியாகிறது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலை சற்று ஏறினாலும் பறிக்க இலை இல்லாதபோது பயனில்லை. தீபாவளிக்கு வாங்கினால் 2,850 ரூபாய்த் தவணை, 1,850 ரூபாய்க் குழுக் கடன், உயர்ந்த மின்கட்டணம் மூன்றும் உங்கள் வருமானம் மிகக் குறைவான மாதங்களில் ஒன்றாக வந்து நிற்கும்.

ஆகவே மூன்றடித் தொட்டியைச் சொல்கிறேன். அகலமும் உயரமும் அதே ஒன்றரை அடி. ஏஞ்சல் மீனுக்கு நீளத்தைவிட உயரம் முக்கியம், அந்த உயரத்தை இங்கே விட்டுக்கொடுக்கவில்லை. கொள்ளளவு 191 லிட்டர். கண்ணாடிப் பரப்பு இப்போதுள்ளதைப் போல் 2.25 மடங்கு, மின்சாரம் 162 யூனிட். பின்புறமும் இரு பக்கமும் தெர்மோகோல் ஒட்டி, மேலே இடைவெளி இல்லாமல் கண்ணாடி மூடி போட்டால் கால் பங்காவது குறையும் என்று வைத்துக்கொள்கிறேன், அப்போது 121. இப்போதைய 72ஐக் கழித்தால் கூடுதல் 49, மொத்தம் 469. நான்கடித் தொட்டிக்கும் இதையே செய்தால் 499 வருகிறது. ஒரு குளிர் இரவு போதும், எல்லை தாண்டிவிடும். ஏஞ்சலின் மேல் இவ்வளவு பற்று இல்லாதவராக இருந்தால் ஹீட்டரே தேவைப்படாத பொன்மீனை வளர்க்கச் சொல்லி, மின்கட்டணத்தை இப்போதைக்கும் கீழே கொண்டுவந்திருப்பேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணத்துக்கு வழி இதுதான். கடைக்காரருக்குக் கட்டத் தயாராக இருந்த 2,850 ரூபாயை ஐப்பசி முதல் சித்திரை வரை ஏழு மாதம் உங்கள் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் கட்டுங்கள். 19,950 ரூபாய் சேரும், போனஸுடன் 31,950. மார்கழியிலும் மாசியிலும் அந்தத் தொகையைக் கட்ட முடியாமல் போனால், தவணையையும் கட்ட முடியாமல்தான் போயிருக்கும். அதைக் கடன் இல்லாமலே தெரிந்துகொள்கிறீர்கள். வங்கியில் உள்ள 35,000ஐத் தொட வேண்டாம், அது ஒரு மாதச் செலவைச் சற்றே தாண்டும் தொகைதான். பங்குனியில் குழுக் கடன் முடிந்ததும் அந்த 1,850 ரூபாயும் அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்கே போகட்டும்.

சித்திரையில் மழை இறங்கி இலை தளிர்க்கும்போது வாங்குங்கள். தொட்டியும் ஸ்டாண்டும் ஹீட்டரும் நான்கடி விலையிலேயே கேட்டாலும் 25,500தான். மூன்றடிக்கு அதற்கும் குறைய வேண்டும், பேசிப் பாருங்கள். ஹீட்டரை ஒரே பெரியதாக வாங்காமல் இரண்டாகவே வாங்குங்கள், ஒன்று பழுதானாலும் மற்றது இரவைத் தாங்கும். 9,500 ரூபாய் ஃபில்டருக்குப் பதில் பெரிய ஸ்பாஞ்சு ஃபில்டர் இரண்டு போதும். பழைய தொட்டியின் ஸ்பாஞ்சை அலசாமல் அப்படியே புதிய தொட்டிக்கு மாற்றுங்கள். கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில்தான் இருக்கின்றன, அவை இல்லாமல் புதுத் தண்ணீர் பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். விளக்கு அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். மிஞ்சும் பணத்தில் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வாங்கி வையுங்கள். ஆடிக் காற்றில் மரம் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று நம் ஊரில் யாரும் சொல்ல முடியாது.

அதுவரை ஏஞ்சல்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். கப்பிகளைத் தெரிந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், இடம் சற்று விரியும். வாரம் இருமுறை கால் பங்குத் தண்ணீரை, வெதுவெதுப்பாக்கி மாற்றுங்கள்.

கல்லும் தண்ணீரும் சேர்ந்து மூன்றடித் தொட்டி ஏறத்தாழ 280 கிலோ எடை வரும். பழைய வீடுகளின் பலகைத் தளத்தில் வைக்காமல், சிமெண்டுத் தரையில் சுவரோரமாக வையுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் வழியில் விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு, உங்கள் வீட்டில் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசியாமல் நின்ற பிறகே கடைசி 5,000 ரூபாயைக் கொடுங்கள்.